இருட்டும் நம் ஊரின் சொத்தே!

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

இருள் என்றால் அறியாமை, ஒளி என்றால் அறிவு என்றே நாம் பள்ளிப் பருவம் முதல் படித்து வந்திருக்கிறோம். மேடையேறிப் பேசுவோரும் அப்படித்தான் பேசுகின்றனர். ஆனால் அறிவியல் துறைகளுள் ஒன்றுக்கு மட்டும் இருளே ஆய்வுக்கூடம். இருள் இல்லையேல் அதற்குப் பாடமே இல்லை. அதுதான் வானவியல். அந்த ஆய்வுக்கூடம் ஏதோ வெளிநாட்டில் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். நம் கல்லூரிக்கு நாள்தோறும் பேருந்தேறி வரும் மாணவ மாணவியர் பலருடைய ஊருக்கு மேலேயே, ஜவ்வாது மலையின் மீது, அது விரிந்து கிடக்கிறது.

அண்மைக் காலமாக அந்த இருளைத் தேடி வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கியிருக்கின்றனர். சனிக்கிழமை மாலையானால் ஆலங்காயம் வழியாகவும் போளூர் வழியாகவும் மலையேறும் கார்களில் முக்காலிகளும் கேமராப் பைகளும் இருப்பதைக் காண்கிறோம். பால்வீதியைப் படம் எடுக்க வருகிறார்கள். நகரத்திலே பணம் கொடுத்தாலும் கிடைக்காத பொருள் ஒன்று நம் மலையூர்களில் இலவசமாகக் கிடைக்கிறது என்பதை அவர்கள் கண்டுகொண்டனர். நாம் கண்டுகொண்டோமா? இதுவே என் கேள்வி.

காவலூரின் கதை

ஜவ்வாது மலையிலே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் உள்ள சிற்றூர் காவலூர். 1960களில் நாட்டின் தென்பகுதியில் நல்ல வானத்தைத் தேடிய வானவியல் அறிஞர் வைணு பாப்பு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். கொடைக்கானலில் 1899 முதலே ஆய்வகம் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் சூரியனை ஆராய்வதற்கு ஏற்ற இடம். இரவு வானத்தை ஆராய வேறோர் இடம் தேவைப்பட்டது. நகர வெளிச்சம் எட்டாத காடு, ஆண்டில் பல மாதம் தெளிவான வானம், தென்திசை விண்மீன்களையும் காண ஏற்ற அட்சரேகை ஆகிய மூன்றும் காவலூரில் ஒருங்கே அமைந்திருந்தன.

அங்கே 1972இல் ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி நிறுவப்பட்டது. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றபோது, அக்கோளைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதைக் காட்டிய பதிவுகளுள் காவலூரின் பதிவும் ஒன்று. 1986இல் நம் நாட்டிலேயே வடிவமைத்து உருவாக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே திறந்து வைக்கப்பட்டது. அதைக் காண பாப்பு உயிரோடு இல்லை. அவர் 1982இலேயே மறைந்துவிட்டார். ஆய்வகமும் தொலைநோக்கியும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றன. 1988இல் காவலூரில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது.

இத்தனை பெருமைக்கும் காரணம் யார் என்று கேட்டால், அறிஞர்கள் என்போம், அரசு என்போம், கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றிய தொழில் வல்லுநர்கள் என்போம். எல்லாம் உண்மையே. ஆனால் இவர்களெல்லாம் இந்த மலையைத் தேடி வரக் காரணமாய் இருந்தது இங்கிருந்த இருட்டு அன்றோ!

நம் நட்சத்திரம் எது?

நம்மில் பெரும்பாலோருக்கு நம் நட்சத்திரத்தின் பெயர் தெரியும். கேட்டை, மகம், சித்திரை, சுவாதி, ரோகிணி என்று கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது தயங்காமல் சொல்வோம். அந்த நட்சத்திரம் வானத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் விழிப்போம். சோதிடத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் அந்தப் பெயர்களெல்லாம் ஒரு காலத்தில் கண்ணால் கண்டு இட்ட பெயர்கள் என்பதை மறக்கலாகாது. கேட்டை என்பது சிவந்து ஒளிரும் ஒரு விண்மீன். திருவாதிரையும் சிவந்ததே. கார்த்திகை ஒற்றை மீன் அன்று, ஒரு கொத்து.

திருமணத்திலே அம்மி மிதித்து அருந்ததி பார்க்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. வடவானத்தில் ஏழு முனிவர் எனப்படும் விண்மீன் கூட்டத்தில், வசிட்டர் என்ற மீனை ஒட்டி மங்கலாகத் தெரியும் சிறு மீனே அருந்ததி. நல்ல இருட்டில் நல்ல கண்ணுக்கு இரண்டும் தனித்தனியே தெரியும். இன்றோ பட்டப்பகலில் திருமண மண்டபத்தின் கூரையைக் காட்டி, ‘அதோ அருந்ததி’ என்கிறார் புரோகிதர். மணமக்களும் தலையாட்டுகின்றனர். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லித்தான் இல்லறமே தொடங்குகிறது!

நம் முன்னோர் அப்படி இல்லை. வானத்தைக் கணித்தவர்க்குக் கணியர் என்றே ஒரு பெயர் இருந்தது. வெள்ளிக்கோள் திசை மாறிச் செல்வதைப் பட்டினப்பாலை தன் தொடக்கத்திலேயே பேசுகிறது. அவ்வளவு பின்னோக்கிப் போவானேன்? கடிகாரம் இல்லாத வீட்டிலே விடிவெள்ளியைப் பார்த்து எழுந்து ஏற்றம் இறைக்கப் போன பாட்டன்மார் நம் ஊர்களில் இருந்தனர். ஆறாமீன் கூட்டம் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்து, இரவு எவ்வளவு கழிந்தது என்று என் பாட்டி சொல்வாள். பள்ளிக்கூடம் போகாதவள் அவள். இயற்பியல் படிக்கும் நான் கைப்பேசியைப் பார்த்துத்தான் மணி சொல்கிறேன்.

உலகம் எங்கே போகிறது?

இது நம் ஊர்க் கவலை மட்டும் அன்று. உலக மக்களில் 80 விழுக்காட்டினருக்கு மேல் செயற்கை ஒளியால் கெட்டுப்போன வானத்தின் கீழேதான் வாழ்கின்றனர். மூன்றில் ஒரு பங்கினர் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைக் காணவே இயலாது. 2016இல் வெளியான உலக வான ஒளி வரைபடம் தரும் கணக்கு இது. 2023இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் கவலை தருகிறது. 2011 முதல் 2022 வரை பொதுமக்களே தத்தம் ஊரில் எத்தனை விண்மீன் தெரிகிறது என்று பார்த்து அனுப்பிய பதிவுகளைத் தொகுத்தது அது. பதிவுகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எடுக்கப்பட்டவை. அவற்றின்படி, இரவு வானம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு வெளிச்சமாகி வருகிறது. ஒரு குழந்தை பிறந்தபோது 250 விண்மீன் தெரிந்த ஊரில், அது பதினெட்டு வயதை எட்டும்போது 100 மட்டுமே தெரியும் என்பது இதன் பொருள்.

விளக்குகள் மாறியதும் ஒரு காரணம். நம் நாட்டில் 2015இல் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தின் கீழ் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பழைய விளக்குகள் எல்.இ.டி. விளக்குகளாக மாற்றப்பட்டன. மின்சாரம் மிச்சமாயிற்று, அதை வரவேற்கிறோம். ஆனால் வெள்ளை எல்.இ.டி. ஒளியில் நீலப் பங்கு அதிகம். நீல ஒளி காற்றில் அதிகமாகச் சிதறும் என்பது முதலாண்டுப் பாடம். பகல் வானம் நீலமாய் இருப்பதற்கு எது காரணமோ, அதுவே இரவு வானம் வெளுப்பதற்கும் காரணமாகிறது.

இதனால் கெடுவது வானம் மட்டும் அன்று. சென்னைக் கடற்கரையில் முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக் குஞ்சுகள், ஒளிரும் கடலை நோக்கி நகர்வதற்குப் பதிலாகச் சாலை விளக்குகளை நோக்கி நகர்ந்து மடிகின்றன. அவற்றைக் காக்க 1980களிலிருந்தே கல்லூரி மாணவர்கள் இரவெல்லாம் கடற்கரையில் நடந்திருக்கின்றனர். அங்கே மாணவர்கள் ஆமைக்காக நடந்தார்கள் என்றால், இங்கே நாம் நம் வானத்துக்காக ஓரடியேனும் எடுத்து வைக்க வேண்டாமா?

படமும் கண்ணும்

இனி, நம் மலைக்கு வரும் விருந்தினரைப் பற்றிச் சிறிது பேசுவோம். வானத்தைப் படம் எடுப்பதை நான் குறை கூற மாட்டேன். அது ஓர் அரிய கலை. அதில் நல்ல இயற்பியலும் இருக்கிறது. பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், கேமரா அசையாமல் நின்றாலும் விண்மீன்கள் கோடாக இழுபடும். 24 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் ஏறத்தாழ 20 நொடிக்குள் படத்தை முடித்தாக வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஐந்நூறை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வரும் எண் அது. மாறாக, மணிக்கணக்கில் திறந்து வைத்தால் துருவ மீனைச் சுற்றி எல்லா விண்மீன்களும் வட்டமிடும் அழகைப் பிடிக்கலாம். இன்று முக்காலியில் நிறுத்திய கைப்பேசியாலும் ஓரளவு எடுக்க முடிகிறது.

ஆனால் ஒன்று. கேமரா இருபது நொடி ஒளியைச் சேர்த்து வைக்கிறது. நம் கண்ணால் அப்படிச் சேர்த்து வைக்க இயலாது. ஆகவே படத்தில் செந்நீலமும் பொன்னிறமுமாகத் தெரியும் பால்வீதி, கண்ணுக்கு வெண்புகை போலத்தான் தெரியும். படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் சிலர், ‘இவ்வளவுதானா?’ என்று ஏமாந்து போவதைக் கேட்டிருக்கிறேன். ஏமாற்றம் வானத்தால் வந்ததன்று, அவசரத்தால் வந்தது. இருட்டுக்குக் கண் முழுவதும் பழக அரை மணி நேரம் ஆகும். இடையில் ஒரு முறை கைப்பேசியைத் திறந்தாலும் போதும், பழகிய கண் கெட்டுவிடும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பொறுமையோடு இருப்பவனுக்குத்தான் வானம் சிறிது சிறிதாகத் திறக்கும்.

பொறுமை இல்லாத கூட்டமும் வருகிறது. ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு, கூடாரத்தைச் சுற்றிச் சரவிளக்கு, நடுவில் தீமூட்டம், காலையில் எழுந்து போகும்போது பாட்டில்களும் பிளாஸ்டிக் தட்டுகளும். விண்மீன் பார்க்கும் முகாம் என்று பெயர் வைத்துவிட்டு, விண்மீனை விரட்டும் வேலையே அங்கே நடக்கிறது. மலையடிவாரத்து முகாம் ஒன்றில் இதைக் கண்ணாரக் கண்டேன். அங்கே வேலை செய்த நம் ஊர்ப் பையன்கள் தண்ணீர் சுமந்தார்கள், விறகு வெட்டினார்கள். வானத்தைக் காட்டிப் பேசியவர் வெளியூரிலிருந்து வந்தவர். காசும் அவரோடேயே போயிற்று.

ஊருக்கு விளக்கு வேண்டாமா?

இங்கேதான் சிக்கலான கேள்வி எழுகிறது. ‘உங்கள் ஊர் இப்படியே இருட்டாக இருக்கட்டும், அதுதான் அழகு’ என்று விருந்தினர் சொல்கிறார். சொல்லிவிட்டு, விடிய விடிய விளக்கெரியும் நகரத்துக்குத் திரும்பிப் போய்விடுகிறார். இங்கேயே வாழ்கிறவர்கள் நாம். என் தங்கை தனிப்பயிற்சி முடித்து, ஏழரை மணிப் பேருந்தில் இறங்கி, வயல்வெளி ஓரமாக அரைக் கிலோமீட்டர் நடந்து வருகிறாள். அவளுக்கு விளக்கு வேண்டும். கட்டுவிரியன் இரவில்தான் ஊர்கிறது. வெளியே எழுந்து செல்லும் முதியவருக்கு விளக்கு வேண்டும். பிரசவ வலி கண்ட பெண்ணை நள்ளிரவில் வண்டியேற்றும் இடத்தில் விளக்கு வேண்டும். மின்விளக்குக்காக மனு எழுதி எழுதி ஓய்ந்த தலைமுறையின் பிள்ளைகள் நாம். மின்வெட்டு நல்லது என்று சொல்ல எனக்கு வாய் வராது. வானத்தின் பெயரால் ஓர் ஏழையின் வாசல் இருண்டு கிடக்க வேண்டும் என்று யார் சொன்னாலும், நான் அவர் பக்கம் இல்லை.

அப்படியானால் இரண்டில் ஒன்றைத் துறந்துதான் ஆக வேண்டுமா? இல்லை என்பதே என் துணிபு. தங்கைக்கு வேண்டியது பாதையில் விழும் வெளிச்சம். வானத்தில் விழும் வெளிச்சம் அன்று. நம் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் உயர்கோபுர மின்விளக்கைப் பாருங்கள். அதன் ஒளியில் ஒரு பகுதி மேலே போகிறது. ஒரு பகுதி பக்கவாட்டில் போய் எதிரே வருபவர் கண்ணைக் கூச வைக்கிறது. கண் கூசும்போது விளக்கின் பின்னால் நிழலில் நிற்பவன் தெரிவதில்லை. பாதுகாப்புக்காக வைத்த விளக்கே பாதுகாப்பைக் கெடுக்கிறது. அதே விளக்குக்கு மேலே ஒரு மூடியிட்டு, முகத்தைத் தரை நோக்கித் திருப்பினால், குறைந்த மின்சாரத்திலேயே பாதை நன்றாகத் தெரியும். மஞ்சள் சாயல் கொண்ட எல்.இ.டி. போட்டால் சிதறலும் குறையும். நள்ளிரவுக்குப் பின் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஒளியைக் குறைத்துக் கொள்ளலாம். தங்கையும் அச்சமின்றி வீடு சேர்வாள். அருந்ததியும் இருந்த இடத்தில் இருப்பாள்.

செய்து காட்டியவர்கள்

இது வெறும் கனவு என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பிளாக்ஸ்டாப் என்னும் நகரம், தன் வானாய்வகத்தைக் காக்க 1958இலேயே தேடொளி விளக்குகளுக்குத் தடை விதித்தது. 2001இல் உலகின் முதல் இருள்வான நகரம் என்ற தகுதியும் பெற்றது. அங்கேயும் மக்கள் விளக்கோடுதான் வாழ்கின்றனர்; வணிகம் நடக்கிறது.

நம் நாட்டிலேயே லடாக்கில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் ஹன்லே என்ற இடம் இருக்கிறது. காவலூரை நடத்தும் அதே இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தின் தொலைநோக்கிகள் அங்கேயும் உண்டு. 2022இல் அப்பகுதி இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. அவ்வூர் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி தந்து, கையில் தொலைநோக்கியும் கொடுத்து, வரும் பயணிகளுக்கு வானத்தைக் காட்டும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்திருக்கிறார்கள். வானத்தைக் காட்டிப் பேசுபவர் அங்கே உள்ளூர்க்காரர். வருமானமும் உள்ளூரிலேயே தங்குகிறது. மகாராட்டிரத்தில் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024இல் இருள்வானப் பூங்கா என்ற தகுதியைப் பெற்றது. அதற்காகச் சுற்றியுள்ள சிற்றூர்களின் தெருவிளக்குகள் தரை நோக்கி மாற்றியமைக்கப்பட்டன. ஊரை இருட்டாக்கிப் பெற்ற தகுதியன்று அது. ஒளியை ஒழுங்குபடுத்திப் பெற்றது.

அவர்களுக்கு இல்லாத ஒரு பேறும் நமக்கு உண்டு. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம். மே மாத முன்னிரவில் ஜவ்வாது மலை மேட்டில் நின்றால், வடக்கே தாழ்வாகத் துருவ மீனும் தெற்கே தாழ்வாகத் திரிசங்கு எனப்படும் தென்சிலுவையும் ஒரே வேளையில் தெரியும். இலண்டனில் இருப்பவன் தென்சிலுவையைத் தன் ஊரிலிருந்து ஒருநாளும் காண இயலாது. பால்வீதியின் மையப் பகுதி அவனுக்கு அடிவானத்தை ஒட்டி ஒன்பது, பத்துப் பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. நமக்கோ பாதி வானம் வரை ஏறி வரும். மார்ச்சில் பின்னிரவு மூன்று மணிக்கு மேல், மே மாதத்தில் நள்ளிரவுக்குப் பின், தென்திசையை நோக்கி நின்று பாருங்கள்.

நாம் செய்யக் கூடியவை

ஆசிரியர்களும் அரசும் செய்ய வேண்டியவை பல இருக்கலாம். மாணவராகிய நம்மால் இயன்றவை சிலவற்றை மட்டும் இங்கே முன்வைக்கிறேன்.

ஒன்று, நம் கல்லூரியின் இயற்பியல் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்து, ஊர் ஊராகச் சென்று பெரியவர்கள் விண்மீன்களுக்கு வழங்கும் பெயர்களைத் தொகுக்க வேண்டும். மலையூர்களில் சாமை விதைத்தவர்களும் ஆடு மேய்த்தவர்களும் தேன் எடுத்தவர்களும் என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். இன்னும் பத்தாண்டு கழித்துச் சொல்ல ஆள் இருக்க மாட்டார்கள்.

இரண்டு, மாதந்தோறும் அமாவாசையை ஒட்டிய ஓரிரவு, ஏதேனும் ஓர் ஊரின் பள்ளித் திடலில் வானம் பார்க்கும் கூட்டம் நடத்த வேண்டும். தொலைநோக்கி இல்லாவிட்டாலும் குற்றமில்லை. ஒரு பைனாகுலரும், சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய ஒரு டார்ச் விளக்கும் போதும். பெற்றோரையும் அழைத்தால் மாணவியரும் தயக்கமின்றி வருவார்கள். வானம் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று.

மூன்று, இதுவே முக்கியமானது. தெருவிளக்கு ஊராட்சியின் பொறுப்பு. கிராமசபைக் கூட்டத்தில் எழுந்து பேச நமக்கு உரிமை உண்டு. வரும் மே முதல் நாள் கூட்டத்தில், ‘இனிப் போடும் விளக்குகள் மேலே மூடியுள்ளவையாக, தரை நோக்கியவையாக, மஞ்சள் சாயல் உள்ளவையாக இருக்க வேண்டும், விளக்கில்லாத தெருக்களுக்கு முதலில் விளக்கு தர வேண்டும்’ என்று ஒரு தீர்மானம் கொண்டுவருவோம். இரண்டு கோரிக்கையும் ஒரே தீர்மானத்தில் இருக்க வேண்டும். பிரித்தால் ஒன்று மற்றொன்றுக்குப் பகையாகிவிடும்.

நான்கு, விருந்தினர் வந்தால் வரவேற்போம். ஆனால் வழிகாட்டுபவர் நம் ஊர் இளைஞராக இருக்கட்டும். தங்குவது நம் வீடாகவும் உண்பது நம் சாமைச் சோறாகவும் இருக்கட்டும். வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டுக்குள் நுழையாமலும், ஒலிபெருக்கி இன்றியும், குப்பை போடாமலும் இருப்பதாக ஒப்புக்கொள்பவருக்கே வானத்தைக் காட்டுவோம். முதல் அரை மணி நேரம் கேமராவைப் பைக்குள்ளேயே வைத்துக் கண்ணால் பார்க்கச் சொல்வோம். படம் பிறகு எடுக்கலாம், விண்மீன் ஓடிவிடாது.

பொன் விளையும் நிலத்தின் அருமையை விற்ற பிறகு உணர்ந்தவர்களை நம் ஊர்களில் பார்த்திருக்கிறோம். ஆற்று மணலின் அருமையை மணல் போன பிறகு உணர்ந்தோம். இருட்டு இன்னும் போய்விடவில்லை. போனாலும் ஒரே நாளில் போகாது. ஒவ்வொரு விளக்காக, ஒவ்வொரு கம்பமாகப் போகும். ஆகையால் அதைக் காப்பதும் ஒவ்வொரு கம்பமாகவே முடியும். உங்கள் தெருமுனையில் நிற்கும் கம்பத்திலிருந்து தொடங்குங்கள் நண்பர்களே! அதன் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று இன்றிரவே நின்று பாருங்கள்.